நாலு விரற்கடை உயரத்தில் ஒரு தெரு

செண்பகவடிவு கிளாரினெட் பழக ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை ஆறேகால் மணிக்கு, வாழைப்பேட்டைத் தெருவில் வேரோ அஸ்திவாரமோ இல்லாத சகலமும், மனிதர், மாடு, சைக்கிள், குடம், கோழி, நகராட்சிக் குப்பை வண்டி, அதைத் தள்ளிக்கொண்டு வந்த பேச்சியம்மாள் என்று ஒன்று பாக்கியில்லாமல், தரையைவிட்டு நாலு விரற்கடை மேலே எழும்பி, அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் அலுங்காமல் குலுங்காமல் தரையில் வந்து உட்கார்ந்தன. பேச்சியம்மாள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள், பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். "இன்னைக்கு வண்டி லேசாக் கெடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு வாளியை எடுக்கப் போனாள்.

தெருவும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் கோபம், டீக்கடை பிச்சுமணிக்கு. ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றிய டீ கீழே வராமல் நடுவழியில் நின்றுவிட்டது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் சிரித்துவிட்டார்கள்.

செண்பகவடிவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அதில் முப்பத்திரண்டு வருஷத்தை ஊர் எல்லையில் இருக்கும் லாரி எடைமேடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் கழித்தவள். வாழைத்தார் லாரியும் உப்பு லாரியும் செங்கல் லாரியும் அவள் ஜன்னலுக்கு முன்னால் வந்து ஏறி நிற்கும், அவள் எடை பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பாள், எந்த டிரைவர் ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே வைத்து எடையைக் குறைக்கிறான், எந்தக் கிளீனர் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு எடையைக் கூட்டுகிறான் என்று ஜன்னலைத் திறக்காமலே சொல்லிவிடுவாள். எதிரே கல்யாண மண்டபம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போகும்போது பேண்டு செட்டுக்காரர்கள் ஒரு மெட்டு வாசிப்பார்கள், அதற்குத் தனியாகப் பேர் கிடையாது, அவர்களுக்குள் 'வீடு சேர்ற மெட்டு' என்று சொல்லிக்கொள்வார்கள். ஊர்வலம் பெட்ரோல் பங்க் முக்கில் திரும்பும்போது மெட்டு முக்கால்வாசிதான் வந்திருக்கும். மிச்சத்தை முக்கு விழுங்கிவிடும், முக்கு விட்டுவைத்த நாளில் ஏதாவது ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்துவிடுவான். முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த மெட்டின் கடைசி அடியை அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சொந்த வாசலில் கேட்கிற யோகமும் இல்லை, தம்பிமார் இருவரைக் கரையேற்றி முடித்தபோது அவளுக்கு நாற்பத்தைந்து ஆகியிருந்தது, அதற்குப் பிறகு வந்த தரகரை டீ கொடுத்து அவளே வழியனுப்பிவிட்டாள். அதிலெல்லாம் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த மெட்டு எங்கே போய் முடிகிறது என்பது தெரியாததுதான் வருத்தம்.

ஆகவே எடைமேடையில் கம்ப்யூட்டர் வந்து அவளுக்குச் சால்வை போட்டு அனுப்பிய மறுநாளே அவள் பேண்டு மாஸ்டர் மிக்கேலின் வீட்டுக்குப் போனாள். மிக்கேலுக்கு முப்பத்தி நாலு வயது, கோயில் கொடை, மாதா திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஊரில் அவன் செட்டுதான்.

"கிளாரினெட் படிக்கணும்."

"யாருக்கு அக்கா, பேரனுக்கா?"

"பேரனும் கெடையாது, பேரனைக் கொண்டாரதுக்கு ஆளும் கெடையாது. எனக்குத்தான்."

மிக்கேல் அவளுடைய மேல்வரிசைப் பல்லில் இருந்த இடைவெளியைப் பார்த்தான், விரல்களில் இருந்த வாதத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்ததும் மற்ற இரண்டையும் மறந்துவிட்டு, ஓட்டையை அடைக்கும் சாவிகளில் ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டிவைத்திருந்த பழைய கிளாரினெட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எந்தக் காரணத்தைக் கொண்டும் நீ வாசிச்சுக் காட்டக்கூடாது. எந்த ஓட்டைய எப்பம் அடைக்கணும்னு மட்டும் சொல்லு. நானே நடந்து போய்ச் சேந்துக்கிடுதேன்."

இந்த நிபந்தனையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறிலிருந்து ஏழுவரை அவள் மாடியில் நின்று ஊதினாள், ஊதினாள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், அது சைக்கிள் பிரேக் பிடிக்கிற சத்தத்துக்கும் கொக்கு திட்டுகிற சத்தத்துக்கும் நடுவில் இருந்தது. ஒவ்வொரு பிசகுக்கும் தெரு எழும்பியது. சின்னப் பிசகுக்கு ஒரு விரற்கடை, பெரிய பிசகுக்கு ஒரு சாண், ஊதுவாயில் கட்டிய நாணல் ரீடு காய்ந்துபோய் அவள் கைமீறிக் கிறீச்சிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றரை முழம். அன்றைக்குப் பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் சீலிங்ஃபேனில் தலையை இடித்துக்கொண்டு, வலிக்குதா என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள். வேண்டுமென்றே தப்பாக ஊதினால் ஒரு தூசிகூட அசையவில்லை, பக்கத்துத் தெருவிலிருந்து வந்து கெஞ்சியவர்களுக்காக அவள் அதையும் செய்து பார்த்துவிட்டாள். சரியாக வாசிக்க நினைத்துத் தவறினால்தான் எழும்பும். மிக்கேல் செட்டில் பழகிய வாலிபப் பையன்கள் தவறியதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர் தவறினால்தான் பூமிக்கு ஏதோ இரக்கம் வருகிறது போல என்று பிச்சுமணி சொன்னான், அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை, காரணத்தைவிட முக்கியமான வேலைகள் அவர்களுக்கு இருந்தன.

பீரோவுக்கு அடியில் பெருக்கினார்கள். இருபது வருஷமாகப் பெருக்காத பீரோக்கள் அவை, அடியிலிருந்து ஒற்றைக் கம்மல், பால்பல், பத்தாம் வகுப்பு மார்க் சீட்டு, ஒருத்தி இன்னொருத்தி திருடிவிட்டாள் என்று சத்தியம் செய்திருந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் எல்லாம் வந்தன. மண்டியில் தார் சுமக்கிறவர்கள் காலை ஆறுமணிக்கு லாரியைத் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தி, அறுபது கிலோத் தாரை இரண்டு விரலால் தள்ளிக்கொண்டு போனார்கள். நிறைமாதக்காரிகள் அந்த ஒரு மணி நேரத்துக்குத் தாய்வீட்டுக்கு வருவதுபோல வந்து வாசலில் உட்கார்ந்து, அதாவது உட்காராமல், இடுப்புவலி இல்லாமல் இருந்துவிட்டுப் போனார்கள். டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன ஒருவர் ஆறேகாலுக்கு மிஷினில் ஏறி நின்று போட்டோ எடுத்து அனுப்பினார். நாய்கள்தான் கம்பத்தடியில் கொஞ்சம் குழம்பின, அவையும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டன. நகராட்சி தெருமுனையில் ஒரு போர்டு வைத்தது. 'காலை 6 முதல் 7 வரை இத்தெரு உயரும். வாகனங்கள் மாற்றுப் பாதையில் செல்லவும்.' பிச்சுமணி கடையை ஏழு மணிக்குத் திறக்க ஆரம்பித்தான், திட்டிக்கொண்டேதான் திறந்தான், ஆனாலும் ஆறு மணிக்கே வந்து கடை வாசலில் மிதந்துகொண்டிருந்தான்.

இவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது சௌகரியம். எதிர்வீட்டு ஆவுடையப்பனுக்குக் கிடைத்தது கால். ஆவுடையப்பன் முப்பது வருஷம் தார் சுமந்தவர், முதுகுத்தண்டு போய் நாலு வருஷமாகக் கட்டிலைவிட்டு இறங்காதவர். தெரு முதன்முதலாக எழும்பிய அந்த மூன்றாம் நாள் காலை கட்டிலும் மெத்தையும் அவரும் தனித்தனியாக எழும்பியபோது அவர் கையால் சுவரைப் பிடித்து ஒரு உந்து உந்தினார், வாசலுக்கு வந்துவிட்டார். இன்னொரு உந்தில் தெருவுக்கு வந்துவிட்டார். அவர் மனைவி சொர்ணம் கையில் கரண்டியோடு பின்னாலேயே ஓடிவந்து, திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அதன்பிறகு தினமும் அந்த ஒரு மணி நேரம் அவர் தெருக்கோடி வரை போய் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வந்தார், கடைகளை எட்டிப் பார்த்தார், எல்லோரையும் வம்புக்கு இழுத்தார். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது செண்பகவடிவு ஒரு நீண்ட சுரத்தில் நின்று சமிக்ஞை கொடுப்பாள், அவர் கட்டிலுக்குத் திரும்பிவிடுவார்.

ஆனால் மனுஷி தினமும் ஒரு மணி நேரம் பழகினால் என்ன ஆகும்? வாசிப்பு வந்துவிடும். ஆறாம் மாதம் மெட்டின் முதல் அடி வந்துவிட்டது. அது வந்த அன்று தெரு அசையவில்லை. பீரோக்கள் நின்ற இடத்தில் நின்றன, லாரியில் இருந்த தார்கள் தார்களாகவே கனத்தன, ஆவுடையப்பன் கட்டிலில் கிடந்தபடி மாடியைப் பார்த்தார். இரண்டாம் அடிக்குப் போனபோது அவள் தடுமாறினாள், தெரு மறுபடி எழும்பியது, எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எட்டாம் மாதம் இரண்டாம் அடியும் வந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது. இனி மிச்சம் கடைசி அடி மட்டும்தான், அது முக்கு விழுங்கிய அடி.

அப்போதுதான் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு நாட்டுப்பழம் சகிதம் மிக்கேலைப் பார்க்கப் போனார்கள். செண்பகவடிவுக்குத் தெரியாமல்தான் போனார்கள்.

"அக்கா நல்லா வாசிச்சிருவாவ போலிருக்கே" என்றான் பிச்சுமணி, ஒரு சாவுச் செய்தியைச் சொல்கிற குரலில்.

"அதுக்குத்தானே படிக்காவ?"

"படிக்கட்டும். யாரு வேண்டாம்னா? படிச்சு முடிக்கவேண்டாம்னு சொல்லுதோம். உங்க அம்மாவும் மூட்டுவலிக்கு எங்க தெருவுக்குத்தான வாராவ? ஆவுடையப்பண்ணனை நெனச்சுப் பாரும்."

மிக்கேல் நேர்மையான கலைஞன், இரண்டு நாள் கோபமாக இருந்தான். மூன்றாம் நாள் ஆவுடையப்பன் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவருவதை ஓரமாக நின்று பார்த்தான். அன்றைக்கே செண்பகவடிவுக்குக் கடைசி அடியைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டான். மூன்று விரல் வைக்கவேண்டிய இடத்தில் இரண்டு விரல், ஏறவேண்டிய இடத்தில் இறக்கம். அவள்தான் அந்த அடியைக் கேட்டதே இல்லையே, கேட்கவும் மாட்டேன் என்றிருக்கிறாளே. சொன்னது சரி என்று நம்பி மனசார வாசித்தாள், தெரு தினமும் ஒரு சாண் ஏறியது, ஊர் சந்தோஷமாக இருந்தது.

இதற்குள் அம்மன் கோயில் தேரோட்டம் வந்துவிட்டது. அந்தத் தேர் வருஷா வருஷம் வாழைப்பேட்டைத் தெருத் திருப்பத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், தடி போடுகிறவர்களும் சறுக்குக்கட்டை வைக்கிறவர்களும் அரை நாள் மல்லுக்கட்டினால்தான் திரும்பும். இந்த வருஷம் தர்மகர்த்தாவே செண்பகவடிவின் வீட்டுக்கு வந்தார், தேர் திருப்பத்துக்கு வந்ததும் நீங்கள் அந்தக் கடைசி அடியை வாசித்தால் போதும், அது உங்களுக்கு வருவதில்லை என்று ஊருக்கே தெரியும் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அவள் சரி என்றாள், அம்மன் காரியம். ஊர் அவள்மேல் வைத்த நம்பிக்கையில் சக்கரத்துக்கு எண்ணெய்கூடப் போடவில்லை, தடிகளையும் கட்டைகளையும் பக்கத்து ஊர்த் தேருக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

தேருக்கு முதல்நாள் சாயங்காலம் அவள் மிக்கேலைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தாள்.

"ஏ மிக்கேலு, நீ சொன்ன விரல்ல ஒரு விரல் பிசகாம வாசிக்கேன். நான் பிசகலன்னா தெரு ஏன் ஏறுது?"

மிக்கேல் ரப்பர் பேண்டைப் பார்த்தான்.

"அந்த அடி எறங்கி நிக்கல, அந்தரத்துல தொங்குது. ஒரு சக்கரத்த மேடைக்கு வெளிய வச்ச லாரிய முப்பத்திரண்டு வருஷம் பாத்திருக்கேன், எனக்குத் தெரியாதா? யாரு சொல்லி வெளிய வச்ச?"

மிக்கேல் சொல்லிவிட்டான். சொல்லும்போது அழுதுவிட்டான், நாட்டுப்பழம் தின்றதையும் சேர்த்துச் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது, அப்படிப்பட்ட கோபம் அவளுக்கு வாழ்நாளில் இரண்டு தடவைதான் வந்திருக்கிறது. கடைசி அடியின் எட்டு சுரம், முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்த எட்டு சுரம், அதைப் பூட்டிவைத்துச் சாவியைத் தெருவே பங்குபோட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு எதிர்வீட்டு ஜன்னலில் ஆவுடையப்பனின் கட்டில் கால் தெரிந்தது, கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

"சரியான விரல் எது? வாயால சொல்லு."

அவன் சொன்னான். அவள் கிளாரினெட்டில் விரல்களை மட்டும் வைத்துப் பார்த்தாள், ஊதவில்லை.

மறுநாள் பத்து மணிக்குத் தேர் திருப்பத்துக்கு வந்து, வழக்கம்போல முட்டிக்கொண்டு நின்றது. நாற்பத்திரண்டு டன் இருக்கும் என்று செண்பகவடிவு கண்ணாலேயே கணக்குப் போட்டாள். வடம் பிடித்தவர்கள் கால்கள் எழும்பத் தயாராகச் செருப்பைக் கழற்றிவைத்திருந்தார்கள், பிச்சுமணி நீர்மோர்ப் பானைகளை மூடிபோட்டுக் கட்டியிருந்தான், ஆவுடையப்பனை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். புதுச்சட்டை போட்டிருந்தார் மனுஷன், காலை வீசிப்போட்டு வடத்தைப் பிடிக்கப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

அவரைப் பார்த்ததும் அவள் முடிவுசெய்துவிட்டாள். எனக்கென்ன, ஒரு மெட்டு. வேண்டுமென்றே ஊதினால் எழும்பாது என்று தெரிந்தும், அம்மனுக்காக ஒரு தடவை இரங்காதா என்று அவள் தப்பான விரல்களையே வைத்து ஊதினாள்.

ஒன்றும் அசையவில்லை. திரும்ப ஊதினாள். தேரும் அசையவில்லை, ஒரு பூவும் அசையவில்லை. தெரிந்து செய்த தப்பு தப்பாகவே தரையில் கிடந்தது. கூட்டம் அவளைப் பார்த்தது, தர்மகர்த்தா மிக்கேலைப் பார்த்தார், யாரோ ஒருவர் பக்கத்து ஊருக்குப் போன் போட்டுக் கட்டைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். செண்பகவடிவு நிமிர்ந்து நின்றாள். இனிமேல் ஒளிக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, அம்மாவுக்குத் தெரியாமல் மாங்காய் தின்ற நாளில் வந்த அதே சிரிப்பு. ரீடை நாக்கால் நனைத்துக்கொண்டு முதல் அடியிலிருந்து ஆரம்பித்தாள்.

முதல் அடி மண்டபத்தைவிட்டுக் கிளம்பியது, இரண்டாம் அடி எடைமேடையைத் தாண்டியது, மூன்றாம் அடி பெட்ரோல் பங்க் முக்குக்கு வந்தது. முக்கு இந்தத் தடவை விழுங்கவில்லை. அவள் திரும்பினாள். திரும்பினால் அங்கே ஒரு வீடு இருந்தது, வாசலில் கோலம், ஆரத்தித் தட்டு, கால் வைக்கப்போகிற படி, இறக்கிவைக்கிற பாரம் எல்லாம் அந்த எட்டுச் சுரத்துக்குள் இருந்தன, கடைசிச் சுரம் படியில் கால் வைத்தது. அப்படியா விஷயம் என்று அவள் நினைத்தாள், இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்றும் நினைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை.

கூட்டத்தில் ஒருவரும் நகரவில்லை. ஒன்பது மாதமாக அவளால் எழும்பிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்த நாலு நிமிஷம் தரையில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார்கள், தரை வெயிலில் சுட்டது, சுட்டதுகூட நன்றாகத்தான் இருந்தது. பிச்சுமணி மோர்ப்பானையின் மேல் கை வைத்தபடி அழுதான், பிறகு அழவில்லை என்று சாதித்தான்.

முதலில் வாயைத் திறந்தவர் ஆவுடையப்பன். "அக்கா, இத்தனை நாளா இதையா எங்களுக்காகக் கெடுத்துக்கிட்டு இருந்தீய?"

"எனக்கே நேத்துத்தான் தம்பி தெரியும். மன்னிச்சுக்கிடும், உம்ம காலு..."

"காலு கெடக்குது. அதை இங்க குடுங்க."

"எதை?"

"குழலைத்தான். எனக்கு அம்பத்தாறு ஆவுது. பீடி ஊதுனதைத் தவிர எதையும் ஊதுனதில்ல."

அவள் ஒரு கணம் புரியாமல் நின்றாள், புரிந்ததும் அவசர அவசரமாகப் பழைய ரீடைக் கழற்றிப் புது ரீடு மாட்டினாள், அந்த நெருக்கடியிலும் அடுத்தவர் எச்சில் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தாள். கீழுதட்டைப் பல்லுக்குமேல் மடக்கிக்கொள்ளச் சொன்னாள். அவர் மடக்கினார், கண்ணை மூடினார், அக்கா வாசித்ததை அப்படியே வாசித்துவிடவேண்டும் என்று மனசார நினைத்துக்கொண்டு, தார் சுமந்த நெஞ்சுக்கூடு கொள்ளுமட்டும் காற்றை இழுத்து, ஊதினார்.

அந்தச் சத்தத்தை விவரிக்கமாட்டேன். கோயில் யானை அதற்கு எழுந்து நின்று பதில் சொன்னது என்பதோடு விட்டுவிடுகிறேன். நாற்பத்திரண்டு டன் தேர், அம்மன், குருக்கள், கொடிகள், வாழைக்குலைகளோடு ஒரு முழம் எழும்பியது, வடத்தோடு ஆயிரம் பேர் எழும்பினார்கள், நாற்காலி ஒருபக்கம் போக ஆவுடையப்பன் ஒருபக்கம் போனார், ஊதுவதை நிறுத்தாமலே வடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சொர்ணம் ஒற்றை விரலால் தேரின் முதுகைத் தள்ளினாள். தேர் திருப்பத்தில் கைக்குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல அவ்வளவு லேசாகத் திரும்பியது. மேலே செண்பகவடிவு, காலின்கீழ் ஒன்றும் இல்லாமல், தலைமுடி அவிழ, வயசு மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எழும்பியதே அதுதான் முதல் தடவை, வாசிக்கிறவர் மட்டும் அதுவரை ஏனோ தரையிலேயே நின்றிருந்தார். ஆவுடையப்பனுக்கு அந்த விதி தெரியாது, அவரும் எழும்பிவிட்டார். தெரிந்திருந்தால் ஒருவேளை எழும்பியிருக்கமாட்டார்.

மறுநாள் காலை ஆறுமணிக்கு எதிர்வீட்டிலிருந்து ஒரு அலறல் கிளம்பி, தெருவைக் குறுக்காகக் கடந்து, படியேறி, அவள் மாடிக் கதவை இடித்தது. திறந்தால் ஆவுடையப்பன், கையில் மிக்கேல் கொடுத்த இன்னொரு கிளாரினெட், கால் தரையில் படவில்லை, முகத்தில் வியர்வை. மூச்சு வாங்குவதற்காக அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"அந்த மெட்டைச் சொல்லிக் குடுங்க."

"சொல்லித் தாரேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கிடும். நல்லா வாசிச்சிட்டா மறுபடி கட்டில்தான்."

"ஒரு மெட்டு வந்துட்டா அடுத்த மெட்டு இருக்கு. மெட்டெல்லாம் தீந்துபோனா தவில் இருக்கு. தவில் வந்துட்டா நீச்சல் இருக்கு, இந்தி இருக்கு, தையல் இருக்கு. தெரியாததுக்கா அக்கா பஞ்சம்? நீங்க ஏன் சும்மா இருக்கீய? அடுத்தது என்ன?"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து மிக்கேல் எழுதிக் கொடுத்த புதுத்தாளை எடுத்தாள். அதில் ஒரு வரிகூட அவளுக்குத் தெரியாது. இருவரும் அடுத்தடுத்து, அவர் கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தபடியும் அவள் நின்று ரீடை நனைத்துக்கொண்டும், சரியாக வாசித்துவிடவேண்டும் என்று உண்மையாகவே நினைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஊதினார்கள்.

கீழே பிச்சுமணி அலறல் ஓய்ந்ததும் மறுபடி டீ ஆற்ற ஆரம்பித்திருந்தான், இன்றைக்கு ஒன்றும் நடக்காது என்று நம்பிக் கடையைச் சீக்கிரமே திறந்திருந்தான். டீ பாதி வழியில் நின்றது. அவன் குவளையை மேலே நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு, திட்டிக்கொண்டே, மாடியின் உயரத்துக்கு வந்துசேர்ந்தான்.